வீம்பும் ஒரு புல் வெட்டும் வண்டியும்: 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' பட விமர்சனம்

அண்ணன் தம்பிக்குள் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது, இன்னொருவர் கிளம்பிப் போய்ப் பார்க்கிறார். கதை இவ்வளவுதான், கூட்டிச் சொல்ல இன்னொரு வரி இல்லை. இதே வரியை வைத்துத் தமிழிலேயே எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டில், முறுக்கிக்கொண்டு நிற்கும் மச்சான், நடுவில் ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில் கட்டிப்பிடித்து அழுகை என்று எல்லாம் வரிசை மாறாமல் வரும். 1999-ல் வந்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'யில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கிளம்பிப் போகிற ஆல்வினுக்கு வயது 73. கண் மங்கிவிட்டதால் ஓட்டுநர் உரிமம் கிடையாது, இடுப்பு போய்விட்டதால் இரண்டு கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. அதனால் முற்றத்தில் புல் வெட்டுவதற்கு வைத்திருக்கும், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகிறார். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே சொல்லத்தான் போகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தால் கெட்டுப்போகும் படம் இல்லை, இருந்தாலும் வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இது நிஜமாக நடந்தது. 1994-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற முதியவர், 1966-ம் வருஷத்து ஜான் டியர் புல்வெட்டி வண்டியில், விஸ்கான்சினில் இருந்த தன் அண்ணன் ஹென்றியைப் பார்க்கப் போனார். ஹென்றிக்கு அப்போதுதான் பக்கவாதம் வந்திருந்தது. தூரம் 240 மைல், அதாவது கிட்டத்தட்ட 386 கிலோமீட்டர். அந்த வண்டி மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாது. நடுநடுவே வண்டி பழுதாகி, காசு தீர்ந்து, எல்லாம் சேர்ந்து ஆறு வாரம் பிடித்தது. படத்தில் ஹென்றி, லைல் ஆகிவிட்டார், போய்ச் சேரும் ஊரின் பெயரும் மவுன்ட் சயான் என்று மாறிவிட்டது. திரைக்கதை எழுதியது ஜான் ரோச், மேரி ஸ்வீனி என்ற இருவர். இயக்கியது டேவிட் லிஞ்ச். ஆமாம், கெட்ட கனவு மாதிரியான படங்களுக்குப் பேர்போன அதே லிஞ்ச்தான். டிஸ்னியின் பெயரோடு, குழந்தை குட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்த அவருடைய ஒரே படம் இது. படப்பிடிப்பையும் ஆல்வின் போன அதே சாலையில், அவர் போன அதே வரிசையில் நடத்தினார்கள். வயல்களின் நிறம் படம் போகப் போக மாறிக்கொண்டே வருவது தானாகவே அமைந்திருக்கிறது.

சண்டை எதற்காக வந்தது என்று படம் கடைசி வரை சொல்லவே இல்லை. முதல் தடவை பார்க்கும்போது இது எரிச்சலாகத்தான் இருக்கும். நிலமா, பணமா, பெண்டாட்டி விஷயமா, யார் முதலில் வாயை விட்டது, யார் பக்கம் நியாயம் என்று நம் மனசு பஞ்சாயத்துக்குப் பாயை விரித்துக்கொண்டு காத்திருக்கிறது. வழக்கைச் சொல்லத்தான் ஆள் வரவில்லை. கோபம், தற்பெருமை, இரண்டோடும் கொஞ்சம் சாராயம், இவை கலந்தால் பத்து வருஷம் பேசாத இரண்டு பேர் கிடைப்பார்கள் என்கிற மாதிரி ஆல்வின் ஒரு இடத்தில் சொல்கிறார், அதோடு சரி. அதற்கு மேல் அவரும் சொல்ல விரும்பவில்லை, கேட்பவரும் தோண்டவில்லை. யோசித்துப் பார்த்தால் இதுதான் சரியாகவும் படுகிறது. குடும்பத்தில் நீண்ட நாள் பேசாமல் இருப்பவர்களைக் கவனித்தால், சண்டைக்கான காரணம் இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ செத்துப்போயிருக்கும். அதற்கப்புறம் ஓடிக்கொண்டிருப்பது வெறும் வீம்பு. நான் ஏன் முதலில் போக வேண்டும், அவன் வரட்டும். அவனும் அங்கே உட்கார்ந்துகொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான்.

இந்தப் படம் அந்த வீம்பைப் பற்றியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் காட்சியிலிருந்தே பாருங்கள். ஆல்வின் சமையலறைத் தரையில் விழுந்து கிடக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை. ஆள் வந்து பதறும்போது, ஒன்றுமில்லை, எழுந்திருக்கக் கொஞ்சம் கை கொடுத்தால் போதும் என்கிற தோரணை. மகள் ரோஸ் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறாள். டாக்டர் இடுப்பில் ஆபரேஷன் என்கிறார், வேண்டாம். வாக்கர் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார், அதுவும் வேண்டாம். சரி, இன்னொரு கைத்தடி கூடுதலாக வைத்துக்கொள்கிறேன் என்று அவரே ஒரு சமரசத்துக்கு வருகிறார். சுருட்டை விடச் சொன்னதற்குப் பதிலே கிடையாது. வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று மகள் கேட்டால், நூறு வயசு இருப்பேன் என்றார் என்று கூசாமல் பொய் சொல்கிறார். இந்த ஆள் பத்து வருஷம் ஒருத்தரோடு பேசாமல் இருந்திருப்பார் என்பதை நம்ப இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை.

அப்புறம் இடி மின்னலோடு ஒரு ராத்திரி, போன் வருகிறது, ரோஸ் எடுத்துப் பேசுகிறாள், லைலுக்குப் பக்கவாதம். அந்த நேரத்தில் கேமரா ஆல்வினாக நடிக்கும் ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்தின் முகத்தில் நிற்கிறது. அவர் எதுவுமே செய்யவில்லை. ஜன்னலில் மழை, முகத்தில் மின்னல் வெளிச்சம் வந்து வந்து போகிறது, கண் மட்டும் லேசாகக் கலங்குகிறது. ஒரு வசனமும் இல்லாமல், இந்த மனுஷன் போகப் போகிறான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஃபார்ன்ஸ்வொர்த் பல வருஷம் ஹாலிவுட்டில் சண்டைக் காட்சிகளுக்கும் குதிரை ஓட்டவும் டூப் போட்டு வாழ்ந்தவர், வசனம் பேசி நடிக்கும் வேஷங்கள் வயதான பிறகுதான் ஒழுங்காகக் கிடைத்தன. அதனாலோ என்னவோ, நடிக்கிறேன் பார் என்று காட்டும் வியாதி அவரிடம் கொஞ்சமும் இல்லை.

முதல் முயற்சி தோற்றுப்போவது படத்தின் சிரிப்பான பகுதி. பழைய வண்டி ஒன்றில் ஊரார் பார்க்க, வேண்டாம் என்று நண்பர்கள் கத்தக் கத்தக் கிளம்புகிறார். கொஞ்ச தூரத்தில் வண்டி உயிரை விடுகிறது, லாரியில் ஏற்றிக்கொண்டு அதே ஊர் வழியாகத் திரும்பி வருகிறார். பத்து வருஷ கௌரவத்தை விட்டுக்கொடுத்துக் கிளம்பிய ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும். நேராக வீட்டுக்குப் போகிறார், துப்பாக்கியை எடுத்து வருகிறார், வண்டியைச் சுடுகிறார், அது தீப்பிடித்து எரிகிறது. அமைதியான தாத்தா என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவருக்குள் என்ன மாதிரிக் கோபம் இருக்கிறது என்று படம் காட்டும் ஒரே இடம் இது. சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம், ஆனால் அந்தப் பத்து வருஷப் பிரிவுக்கான விளக்கம் படத்தில் எங்காவது இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது. மறுபடியும் தெரிந்த வியாபாரியிடம் போய் 325 டாலருக்கு அந்த ஜான் டியரை வாங்குகிறார். திரும்பவும் கிளம்புகிறார்.

வழியில் பலரைச் சந்திக்கிறார். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு கர்ப்பிணிப் பெண், ராத்திரி அவருடைய நெருப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். விஷயம் தெரிந்தால் வீட்டில் எல்லோரும் என்னை வெறுத்துவிடுவார்கள் என்கிறாள். ஆல்வின் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன பழைய கதையைச் சொல்கிறார், ஒற்றைக் குச்சி உடையும், கட்டாகக் கட்டினால் உடையாது. நாம் எல்லோரும் சின்ன வயசில் பாடப் புத்தகத்தில் படித்து அலுத்துப்போன அதே கதை. இது கொஞ்சம் பழசுதான் என்று நான் முகத்தைச் சுளிக்கப் பார்த்தேன். ஆனால் இதைச் சொல்கிற ஆள் யார்? தன் கட்டிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பத்து வருஷம் திரும்பிப் பார்க்காதவர். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அவர் அவளுக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிப் பார்க்கிறாரா என்ற சந்தேகத்தோடு கேட்கும்போது அந்தக் கதைக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

அதே காட்சியில்தான் ரோஸின் கதையும் வருகிறது. ரோஸ் திக்கித் திக்கிப் பேசுகிறவள், ஊரார் அவளைக் கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறார்கள், ஆல்வின் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு நான்கு குழந்தைகள். ஒரு ராத்திரி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வேறு யாரோ, தீப்பிடித்து இரண்டாவது பையனுக்குப் பலத்த தீக்காயம். ரோஸின் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் அரசாங்கம் அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தகுதி இல்லை என்று நான்கு பேரையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த 'வேறு யாரோ' யார் என்று ஆல்வின் சொல்வதில்லை. பின்னால் ஒரு காட்சியில், போர் முடிந்து வந்த காலத்தில் தான் பொல்லாத குடிகாரனாக இருந்ததை அவரே ஒத்துக்கொள்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனசில் ஒரு சந்தேகம் எழுகிறது. அன்றைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது இவராகவே இருந்தால்? படம் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சந்தேகம் வந்த பிறகு படமே வேறு மாதிரி ஆகிவிட்டது. தாத்தா ஒருவரின் இனிமையான பயணம் என்று பார்க்கிறவர்களுக்கு அது அப்படியே இருக்கும். ஆனால் ரோஸோடு ஒரே வீட்டில், அவள் ஜன்னல் வழியாக வெளியே விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழும் ஒரு மனிதனாக ஆல்வினைப் பார்த்தால், லைலிடம் போவது அவர் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன்களில் மிகச் சின்னது என்று தோன்றும்.

பாரில் நடக்கும் காட்சியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. இன்னொரு கிழவர் அவரைக் குடிக்கக் கூட்டிப்போகிறார். ஆல்வின் வாங்கிக் குடிப்பது பால். இரண்டு பேரும் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டை போட்டவர்கள், ஆளுக்கொரு கதையை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆல்வின் குறிபார்த்துச் சுடும் வீரர். ஒரு நாள் தூரத்தில் அசைந்த ஏதோ ஒன்றைச் சுடுகிறார், அசைவு நின்றுவிடுகிறது. மறுநாள் பார்த்தால், முன்னால் போய் வேவு பார்த்துக்கொண்டிருந்த தங்கள் ஆள், காட்ஸ் என்ற சின்னப் பையன், தலையில் குண்டு பட்டுக் கிடக்கிறான். எதிரி சுட்டுவிட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள், இவரைத் தவிர. ஐம்பது வருஷமாக. லிஞ்ச் இதில் ஃபிளாஷ்பேக் எதுவும் காட்டவில்லை, இரண்டு முகங்கள் மட்டும்தான், பின்னணியில் மெல்லிதாகக் குண்டுச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். இதைப் பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. என்ன சொல்ல முடியும்? காட்ஸிடம் போய் நிற்க எந்த வண்டியிலும் முடியாது. லைல் உயிரோடு இருக்கிறார், 240 மைலில் இருக்கிறார். இதைப் படம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

சரி, வீம்புக்கு வருகிறேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி தறிகெட்டு ஓடி, ஒரு வழியாக நின்று, பழுது பார்க்கும் வரை ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் தங்க வேண்டியதாகிறது. டேனி என்ற நல்ல மனுஷன், மிச்ச தூரத்தை என் காரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்கிறார். நன்றி, ஆனால் இதை என் வழியிலேயே முடிக்க வேண்டும் என்கிறார் ஆல்வின். வீட்டுக்குள்கூட வர மறுக்கிறார். வெளியூருக்குப் போன் பேச வேண்டும் என்றால், போனை வெளியே கொண்டுவரச் சொல்லி முற்றத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, அழைப்புக்கான காசை வைத்துவிட்டுப் போகிறார். இதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வதா, அகம்பாவம் என்று எடுத்துக்கொள்வதா? லைல் நாளைக்கே போய்விட்டால் என்ன செய்வது என்று நமக்கு அடித்துக்கொள்கிறது, இவர் மணிக்கு 5 மைலில் போகிறேன் என்கிறார். எனக்குத் தோன்றுவது, லைலோடு பத்து வருஷம் பேசாமல் இருக்க வைத்த அதே பிடிவாதம்தான் இப்போது அவரை லைலிடம் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. ஆளே மாறித் திருந்திவிட்டதாகப் படம் எங்கும் காட்டவில்லை. அதே கிழவர், அதே முரடு, திசை மட்டும் வேறு. மன்னிப்பைப் பற்றிய படங்களில் பொதுவாக ஒருவர் நல்லவராக மாறிய பிறகுதான் மன்னிப்பு நடக்கும், அதனால்தான் அவை நம்ப முடியாமல் இருக்கின்றன. நிஜத்தில் அவ்வளவு சீக்கிரம் யார் மாறுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வண்டியைச் சரிசெய்ய வரும் இரட்டைச் சகோதரர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், ஆல்வின் முதலில் அவர்களிடம் பேரம் பேசிக் காசைக் குறைக்கிறார், அதுவரை பிரமாதம், கிழவர் ஏமாற மாட்டார் என்று கைதட்டலாம். உடனே கூடப்பிறந்தவனின் அருமையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம். தன்னைக் கூடப்பிறந்தவனைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை, இந்தப் பயணமே தன் கர்வத்தை விழுங்கும் வேலை என்று அவரே விளக்கிவிடுகிறார். முகத்தாலும் முதுகாலும் அதுவரை சொல்லிவந்ததை வாயாலும் சொல்ல வைத்தது தேவையே இல்லை. அதுவும் எதிரில் சண்டை போடும் இரட்டையர்கள் என்பது ரொம்பவே வசதியான ஏற்பாடு. இன்னொன்று, வழியில் பார்க்கும் அத்தனை பேரும் நல்லவர்கள், ஒருத்தர்கூட ஏமாற்றவில்லை, திட்டவில்லை. லாரி ஒன்று உரசிக்கொண்டு போகிற வேகத்தில் தொப்பி பறக்கிறது, உலகத்தின் பொல்லாத்தனம் என்று காட்டுவதெல்லாம் அவ்வளவுதான். பெரிய குறை ரோஸ். சிஸ்ஸி ஸ்பேசெக் அவ்வளவு அருமையாகச் செய்திருக்கிறார், கிழவர் கிளம்பியதும் படம் அவளைக் கிட்டத்தட்ட மறந்துவிடுகிறது. பிழைத்த பிள்ளைகள் ஏழு பேர் என்று அவரே சொல்கிறார், மற்ற ஆறு பேர் எங்கே, அவர்கள் ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று கேட்க ஆளில்லை. அதற்கும் ஒரு கதை இருக்கும் போல.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 112 நிமிஷப் படம், மெதுவாகத்தான் போகும். ஒரு இடத்தில் வண்டி போய்க்கொண்டிருக்க, கேமரா மெல்ல மேலே ஏறி வானத்தைக் காட்டி, நின்று நிதானித்து மறுபடியும் கீழே வருகிறது, இடையில் நேரம் கடந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம், வண்டி பத்தடிகூட நகரவில்லை. லிஞ்சின் குசும்பு அது. ஒளிப்பதிவு ஃப்ரெடி ஃபிரான்சிஸ், அப்போது அவருக்கே எண்பதைத் தாண்டிவிட்டது, இதுதான் அவருடைய கடைசிப் படம். இசை ஆஞ்செலோ பாதலமென்டி, வயலினும் கிதாரும், அழு அழு என்று பிடித்துத் தள்ளாத இசை. மான் ஒன்றைக் காரில் மோதிவிட்டு, இந்தச் சாலையில் தினமும் போகிறேன், எத்தனை மான்தான் என் காரில் வந்து விழும் என்று கத்தித் தீர்க்கும் ஒரு பெண் வருகிறாள். கதைக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்தது. அடுத்து கிழவர் அந்த மானையே சமைத்துச் சாப்பிடுவதும், சுற்றி நிற்கும் பொம்மை மான்கள் அவரைப் பார்ப்பதும், கொம்பு டிரெய்லரில் ஏறிவிடுவதும் சுத்தமான லிஞ்ச்.

மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியதும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரவு தங்குகிறார். பாதிரியார் ஒருவர் சாப்பாடு கொண்டு வந்து விசாரிக்கிறார். லைல் என்ற பெயரைக் கேட்டதும், அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேனே, தனக்கு உடன்பிறந்தவர் இருப்பதாக அவர் சொல்லவே இல்லையே என்கிறார். கொஞ்ச நாளாகவே எங்கள் இரண்டு பேருக்குமே உடன்பிறந்தவர் கிடையாது என்கிற அர்த்தத்தில் ஆல்வின் பதில் சொல்கிறார். கசப்பு இல்லை, தன்னிரக்கமும் இல்லை, கணக்கு ஒப்பிப்பது போலத்தான் சொல்கிறார். என்ன நடந்தது என்று பாதிரியார் கேட்க, அதெல்லாம் இப்போது முக்கியமில்லை, சமாதானமாக வேண்டும், சின்ன வயசில் செய்த மாதிரி அவனோடு உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்கிறார். குழந்தைகளாக மின்னசோட்டாவில் இருந்தபோது கோடை ராத்திரிகளில் வீட்டுக்கு வெளியே படுத்துப் பேசிக்கொண்டே தூங்குவார்களாம். யார் மேல் தப்பு என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் சேர முடியும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் காட்சி சம்மதமாக இருக்காது. எனக்கே முழுச் சம்மதம் இல்லை. அடி வாங்கியவர், ஏமாற்றப்பட்டவர், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் இதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிட்டு நானும் போக வேண்டுமோ என்று நினைக்கத் தேவையில்லை. இது கிட்டத்தட்ட சமமாக வாயை விட்ட இரண்டு முரடர்களின் கதை. அப்படிப்பட்ட சண்டைக்குத்தான் இந்த மருந்து பொருந்தும்.

கடைசிக் காட்சிக்கு முன் ஒரு பாரில் நிறுத்தி, பல வருஷம் கழித்து ஒரே ஒரு பீர் குடிக்கிறார். தைரியத்துக்காக இருக்கலாம். பிறகு காட்டுப் பாதையில் இறங்கி லைலின் ஓட்டை வீட்டு முன்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பதில் இல்லை. வந்தது வீணோ என்று நமக்குத் தொண்டை அடைக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வருகிறது. லைலாக நடிக்கும் ஹாரி டீன் ஸ்டான்டன் வெளியே வருகிறார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் சொல்லியும் ஆல்வின் தொடவே மாட்டேன் என்று மறுத்த அதே வாக்கர். ஸ்டான்டனுக்கு மொத்தப் படத்திலும் இரண்டே நிமிஷ வேலை. உட்காருகிறார்கள். மன்னிச்சிடு என்று யாரும் சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. லைல் முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார், ஆல்வினைப் பார்க்கிறார், இதிலேயா என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார், ஆமாம் என்று பதில் வருகிறது. ஸ்டான்டனின் முகம் அந்த வண்டியைப் பார்க்கும்போது உள்ளே உடைகிறது. காரில் வந்து இறங்கியிருந்தால் இந்தக் காட்சியே கிடையாது, டேனியின் காரை ஏன் மறுத்தார் என்பதற்கும் பதில் அந்த முகத்தில் இருக்கிறது. ஆறு வார வெயிலும் மழையும் முதுகுவலியும் சேர்ந்து எந்த மன்னிப்பு வசனத்தைவிடவும் அதிகமாகச் சொல்லிவிட்டன. பிடிவாதக்காரன் இறங்கி வந்தான் என்பதை இன்னொரு பிடிவாதக்காரனுக்கு வேறு எப்படிப் புரியவைப்பது.

ஃபார்ன்ஸ்வொர்த்துக்குப் படப்பிடிப்பின்போது புற்றுநோய் முற்றி எலும்பு வரை போயிருந்தது. திரையில் அவர் கைத்தடி ஊன்றி ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கும்போது தெரியும் வலியில் பெரும்பங்கு நிஜம். 79 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தப் பிரிவில் அதுவரை அவ்வளவு வயதில் யாரும் பரிந்துரைக்கப்பட்டதில்லை, 2021-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ் வரும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. விருது கிடைக்கவில்லை. அக்டோபர் 2000-ல் காலமானார். நிஜ ஆல்வின் படத்தைப் பார்க்க இல்லை, 1996-லேயே போய்விட்டார். லிஞ்சும் 2025 ஜனவரியில் போய்விட்டார்.

யார் பார்க்கலாம்? வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம், முகம் சுளிக்க ஒரு காட்சி இல்லை. சின்னப் பிள்ளைகள் வண்டி எரியும் வரை உட்காருவார்கள், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. லிஞ்சின் மற்ற படங்களைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம், அவருடைய புதிர்களுக்காகவே அவரைத் தேடுகிறவர்கள் ரோஸின் தீவிபத்துக் கதையை இரண்டு தடவை கேளுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிற படம் இல்லை, பாதி விஷயம் முகங்களில்தான் நடக்கிறது. சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது, அந்தக் கிராமத்து உச்சரிப்பு லேசில் பிடிபடாது, ரோஸ் பேசுவது இன்னும் கஷ்டம். பேசாமல் இருக்கும் உறவுக்காரருக்கு இதன் லிங்க்கை அனுப்பி வைத்தால் என்ன என்று பார்த்து முடித்ததும் சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், அவர் அதைக் குத்திக்காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். என் மதிப்பெண் 5-க்கு 4. அரை மார்க் அந்த இரட்டையர்களுக்காகவும், அரை மார்க் ரோஸை நடுவழியில் விட்டதற்காகவும் பிடித்துக்கொண்டேன்.